செவி திறந்தால் நா அவிழும்

மொழியைக் கற்பது ஒன்று. கற்ற மொழியில் வாழ்வது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை, வயது வந்தபின் ஒரு மொழியைக் கற்க முனைந்தவர் எவரும் அறிவர். இலக்கணம் மனப்பாடமாகும், சொல்வளம் பெருகும், தேர்வும் கைகூடும். ஆயினும் கடைவீதியில் ஒரு பொருளின் விலையைக் கேட்க வாய் திறக்கும்போது, கற்ற மொழி பின்வாங்கிப் பழகிய மொழியே முன்வந்து நிற்கும். பெரும்பான்மையோர் மொழியைக் கற்பவருக்கு இது சில மாதத் துன்பமே. தெருவே அவருக்கு ஆசானாகிவிடும். சிறுபான்மையோர் மொழியைக் கற்பவருக்கோ தெரு துணைநிற்பதில்லை. அவர் பேச முனையும் ஒவ்வொரு முறையும், அதைவிட எளிதான வேறொரு மொழி அருகிலேயே காத்திருக்கிறது.

இத்தகையோரை எவ்வாறு பேச வைப்பது? இவ்வினாவை அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தன் உயிர்நிலைச் சிக்கலாகக் கருதிவரும் மக்களினம் ஒன்று ஐரோப்பாவில் உண்டு. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இடையே, பிரனீஸ் மலைத்தொடரின் மேற்குப் பகுதியில் வாழும் பாஸ்க் மக்களே அவர்கள். அவர்களுடைய வரலாறு நமக்கு முற்றிலும் அயலானதன்று. நம் கடற்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் அம்மண்ணின் மைந்தர் அன்றோ?

சவேரியாரின் தாய்மொழி

1506-ஆம் ஆண்டு நவார்ரா நாட்டில் சவேரியார் கோட்டையில் பிறந்தவர் நம் புனிதர். அக்கோட்டையின் பெயரே 'புதிய வீடு' எனப் பொருள்படும் பாஸ்க் சொல்லிலிருந்து வந்ததாகும். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்த அவர், 1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதிய மடலில், தமக்கும் இம்மக்களுக்கும் இடையே நின்ற தடையைக் குறிப்பிடுகிறார். மக்களின் தாய்மொழி 'மலபார்' என்றும், தம் தாய்மொழி பாஸ்க் என்றும், அதனால் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள இயலவில்லை என்றும் கூறுகிறார். அக்காலத்துப் போர்த்துக்கீசியர் தமிழையே 'மலபார்' என்று அழைத்தனர்.

இரு மொழிகளையும் அறிந்தோரைக் கூட்டி, அடிப்படைச் செபங்களைத் தமிழாக்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் ஊர் ஊராகச் சென்றார் சவேரியார். ஆனால் ஓரிடத்தில் தங்கித் தமிழில் தேர்ச்சி பெறும் அளவுக்கு அவருடைய பயணங்கள் இடம் தரவில்லை. அத்தேர்ச்சியைப் பெற்றவர் அவருக்குப் பின் வந்த அன்றீக்கு அடிகளார். போர்த்துக்கல் நாட்டவரான அவர் வளர்ந்த வயதிலேயே தமிழைக் கற்றார். பாடமாகக் கற்றதோடு நில்லாமல், நாள்தோறும் மக்களோடு பேசிப் பழகியே கற்றார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அப்பழக்கத்தின் கனி. பேசப் பேசவே மொழி வசமாகும் என்பதற்கு நம் கடற்கரையே சான்றாகிறது.

தனித்து நிற்கும் மொழி

பாஸ்க் மொழியைப் பேசுவோர் அதனை 'எவுஸ்கரா' என்பர். ஸ்பானிய மொழிக்கோ, பிரெஞ்சு மொழிக்கோ, உலகில் அறியப்பட்ட வேறெந்த மொழிக்கோ அது உறவினமன்று. அம்மக்கள் தங்களைக் குறிக்கும் பெயர் 'எவுஸ்கால்துன்' என்பதாகும். 'எவுஸ்கராவை உடையவர்' என்பது அதன் பொருள். குருதியையோ பிறந்த ஊரையோ சுட்டாமல் மொழியையே சுட்டும் பெயர் அது. எனவே, எங்கே பிறந்தவராயினும் அம்மொழியைக் கற்றுக்கொண்டவரை 'புதிய எவுஸ்கால்துன்' என்று அழைக்கிறார்கள். வெளியிலிருந்து வருவோருக்கு வாயிலைத் திறந்து வைக்கும் சொல் இது.

எவுஸ்கராவில் அச்சேறிய முதல் நூல் 1545-இல் போர்தோ நகரில் வெளிவந்தது. அதை இயற்றியவர் பெர்னார் எச்செபாரே என்னும் பங்குத்தந்தை. தம் மொழி உலகறிய வெளியே வரவேண்டும் என்பதே அந்நூலில் அவர் கொண்ட வேட்கை. 1729-இல் இயேசு சபையைச் சேர்ந்த மானுவேல் லாராமெந்தி அம்மொழிக்கு ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். இலக்கணத்துக்குள் அடங்காத மொழி என்று பிறர் ஏளனம் செய்ததற்கு மறுமொழியாக, 'வெல்லப்பட்ட இயலாமை' என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார். நம் வீரமாமுனிவர் தமிழுக்கு இலக்கணம் வகுத்துக்கொண்டிருந்ததும் ஏறத்தாழ அக்காலமே.

மோதிரமும் மௌனமும்

நூல்கள் தோன்றினாலும் மொழி சுருங்கியது. ஆட்சியும் நீதிமன்றமும் பள்ளியும் வேற்றுமொழியில் நடந்தன. பள்ளியில் எவுஸ்கரா பேசிய சிறுவனின் கையில் ஒரு மோதிரம் கொடுக்கப்படும். தன்னைப்போல் அம்மொழியில் பேசும் மற்றொரு சிறுவனைக் கண்டுபிடித்து அவனிடம் அதைத் தள்ளிவிட வேண்டும். குறித்த வேளையில் அம்மோதிரம் யாரிடம் இருக்கிறதோ அவனுக்கே தண்டனை. தாய்மொழியைப் பேசும் தோழனைக் காட்டிக்கொடுக்கப் பிள்ளைகளைப் பழக்கிய இம்முறையைப் போல் ஒரு மொழியின் வேரை அறுப்பது வேறில்லை. அவ்வாறு வளர்ந்த பிள்ளைகள் பெற்றோர் ஆனபோது தம் மக்களிடம் அம்மொழியைப் பேசத் தயங்கியதில் வியப்பென்ன?

கற்றோரும் கைவிட்டனர். பில்பாவ் நகரில் பிறந்த பேரறிஞர் மிகுவேல் தே உனாமுனோ, 1901-இல் அந்நகரின் இலக்கிய விழாவிலேயே எவுஸ்கராவுக்கு விடைகொடுக்கும்படி தம் மக்களை வற்புறுத்தினார். தற்கால வாழ்வுக்கு அம்மொழி ஏற்றதன்று என்பது அவர் கருத்து. அதே காலத்தில், ரெசுர்ரெக்சியோன் மரியா தே அஸ்குவே என்னும் குரு ஊர்தோறும் சென்று சொற்களைத் திரட்டி, 1905-இலும் 1906-இலும் பேரகராதி வெளியிட்டார். 1919-இல் எவுஸ்கரா மொழிக் கழகம் நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவரானவரும் அவரே.

1936-இல் மூண்ட உள்நாட்டுப் போர் எல்லாவற்றையும் சிதைத்தது. பாஸ்க் பண்பாட்டுக்காக உழைத்த 'ஐட்சோல்' என்னும் ஹோசே அரிஸ்திமுஞ்ஞோ அடிகளாரும் வேறு பல குருக்களும் அவ்வாண்டே பிராங்கோவின் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1937 ஏப்ரல் 26 அன்று கெர்னிகா நகரம் குண்டுவீச்சால் அழிக்கப்பட்டது. 1938-ஆம் ஆண்டு ஆணையின்படி பிள்ளைகளுக்கு எவுஸ்கராவில் பெயர் பதியவும் வழியில்லாமற் போயிற்று.

இவ்விடத்தில் நாம் நேர்மையாக இருத்தல் வேண்டும். ஸ்பானியத் திருச்சபையின் ஆயர்களில் மிகப் பலர் பிராங்கோவின் பக்கமே நின்றனர். துறவியர் நடத்திய பள்ளிகளிலும் ஸ்பானிய மொழியே ஆண்டது. எனினும் சிற்றூர்ப் பங்குகளின் மறையுரையிலும் மறைக்கல்வியிலும் எவுஸ்கரா மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. 1960-இல் 339 பாஸ்க் குருக்கள் தம் மக்களின் உரிமைகள் பறிக்கப்படுவதைக் கண்டித்து ஆயர்களுக்குக் கூட்டாக மடல் எழுதினர். ஆயர்கள் அதை ஏற்கவில்லை. ஆயினும் எழுதப்பட்டது எழுதப்பட்டதே.

இரவுப் பள்ளிகள்

மறுமலர்ச்சி சிறிய அறைகளிலேயே தொடங்கியது. 1940-களில் எல்பிரா சிபித்ரியா என்னும் ஆசிரியை சான் செபஸ்தியான் நகரில், ஒரு வீட்டில் சில குழந்தைகளைக் கூட்டி எவுஸ்கராவில் கற்பித்தார். பின்னாளில் பெருகிய 'இகாஸ்தோலா' பள்ளிகளுக்கு அது முன்னோடி.

குழந்தைகளுக்கு வழி பிறந்தது, வளர்ந்தோருக்கு? 1966-இல் ரிக்கார்தோ அர்ரெகி என்னும் இளைஞர் எவுஸ்கரா மொழிக் கழகத்தின் ஆதரவுடன் எழுத்தறிவு இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். எவுஸ்கராவைப் பேசத் தெரிந்தும் படிக்கவும் எழுதவும் தெரியாமல் இருந்த வளர்ந்தோருக்கானது அது. அர்ரெகி 1969-இல் சாலை விபத்தில் இளவயதிலேயே இறந்துபோனார், இயக்கம் இறக்கவில்லை. மொழியே அறியாதோருக்கும் கற்பிக்கும் இரவுப் பள்ளிகளாக அது பரவியது. தொழிற்சாலையில் பகலெல்லாம் உழைத்தவர்கள் மாலையில் பலகைமுன் அமர்ந்தார்கள். பாட்டியின் மொழியை இழந்த பேரர்களும், ஸ்பெயினின் பிற பகுதிகளிலிருந்து வேலை தேடி வந்தோரும் அவர்களில் இருந்தனர்.

ஊருக்கு ஊர் வேறுபட்ட வழக்குகளில் எதைக் கற்பிப்பது என்ற சிக்கலும் எழுந்தது. 1968-இல் அரான்ட்சாசு மலையிலுள்ள பிரான்சிஸ்கு சபையாரின் அன்னை திருத்தலத்தில் மொழிக் கழகம் கூடி, மொழியியலறிஞர் கோல்தோ மிச்செலேனாவின் வழிகாட்டலில் பொது எழுத்து வழக்குக்கு அடிகோலியது. ஓரிரண்டு எழுத்துகளின் பொருட்டு நண்பர்கள் பகைவராயினர். அக்கொந்தளிப்பின் நடுவே 1970-இல் கழகத் தலைமையை ஏற்று, பொறுமையுடன் வழிநடத்தியவர் லூயிஸ் வில்லசாந்தே என்னும் பிரான்சிஸ்கு சபைத் துறவி.

1980-இல் இரவுப் பள்ளிகளுக்காக 'கொர்ரிகா' என்னும் தொடரோட்டம் தொடங்கியது. ஒஞ்ஞாத்தி என்னும் ஊரிலிருந்து பில்பாவ் நகர்வரை இரவும் பகலும் நில்லாமல் மக்கள் கைமாற்றி ஓடினர். இன்றும் பெரும்பாலும் ஈராண்டுக்கு ஒருமுறை அது நடைபெறுகிறது. கையிலிருந்து கைக்கு மாறும் தடியினுள் ஒரு செய்தி மறைந்திருக்கும். ஓட்டத்தின் முடிவில் அது வெளியே எடுத்து வாசிக்கப்படும். அத்தடிக்கு அவர்கள் இட்ட பெயர் 'சாட்சி'.

1979-ஆம் ஆண்டின் தன்னாட்சிச் சட்டத்தால் பில்பாவ், சான் செபஸ்தியான், விதோரியா நகரங்களை உள்ளடக்கிய பகுதியில் எவுஸ்கராவும் ஆட்சிமொழியாயிற்று. நவார்ராவில் 1986-இல் இயற்றப்பட்ட சட்டம் நாட்டை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஏற்றவாறு உரிமை வழங்கியது. பிரான்சில் உள்ள பகுதியில் ஆட்சிமொழி நிலை இன்றுவரை கிட்டவில்லை.

அறிந்தோர் பெருகினர், பேச்சு பெருகவில்லை

இத்தனை உழைப்பின் பயன் என்ன? 1991-இல், 16 வயது நிரம்பியோரில் எவுஸ்கரா நன்கு பேசத் தெரிந்தவர்கள் 100-க்கு ஏறத்தாழ 22 பேர். 2021-இல் 30 பேருக்குச் சற்று மேல். பல சிறுபான்மை மொழிகள் தேய்ந்துவரும் ஐரோப்பாவில் இது பெரும் சாதனையே.

ஆனால் இன்னோர் அளவீடும் உண்டு. 1989 முதல், குறித்த ஆண்டுகளில், ஆய்வாளர்கள் தெருக்களில் நடந்து, செல்வோர் எம்மொழியில் பேசுகிறார்கள் என்று வெறுமனே செவிமடுத்துக் குறித்துக்கொள்கிறார்கள். 1989-இல் பேசிக்கொண்டு சென்ற 100 பேரில் எவுஸ்கராவில் பேசியோர் ஏறத்தாழ 11 பேர். 2021-இல் ஏறத்தாழ 13 பேர். அறிவு வளர்ந்த அளவுக்கு வழக்கு வளரவில்லை.

இதைச் சோம்பல் என்று கண்டித்துவிடுவது எளிது, நீதியன்று. உரையாட இருவர் வேண்டும். நூற்றில் முப்பது பேர் ஒரு மொழியை அறிந்திருந்தால், வழியில் சந்திக்கும் எவரேனும் இருவர் இருவருமே அதை அறிந்திருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்பதே. பழைய பேச்சாளர்கள் தம் மொழி நிறைந்த சிற்றூர்களில் வாழ்ந்தனர். புதிதாகக் கற்றோரில் பலர், அம்மொழி அறியாதோர் மிகுந்த நகரங்களில் வாழ்கின்றனர். நான்கு நண்பர்கள் கூடுமிடத்தில் ஒருவருக்குப் புரியாவிட்டால் நால்வரும் ஸ்பானிய மொழிக்கு மாறிவிடுவர்.

மேலும், இருவர் முதன்முதல் எம்மொழியில் பழகினார்களோ அம்மொழியே அவர்களுடைய நட்பின் மொழியாகிவிடுகிறது. ஸ்பானிய மொழியில் காதலித்து மணந்த கணவனும் மனைவியும் பின்னர் எவுஸ்கரா கற்றாலும், உணவு மேசையில் பழைய மொழியே எழும். புது மொழியில் பேசினால் வேற்று மனிதரோடு பேசுவதுபோல் இருவருக்கும் கூச்சம் உண்டாகும்.

இவையனைத்திலும் நுட்பமான தடை ஒன்று உண்டு. அதன் பெயர் மரியாதை. கற்பவர் எவுஸ்கராவில் தடுமாறி ஒரு வாக்கியம் தொடங்குகிறார். கேட்பவர் அம்மொழியில் பிறந்து வளர்ந்தவர், நல்லவர். எதிரில் நிற்பவர் துன்புறுவதைக் காணப் பொறாமல் ஸ்பானிய மொழியில் விடையளிக்கிறார். அவர் செய்தது உதவி. ஆனால் கற்பவரின் செவியில் அது தீர்ப்பாக விழுகிறது: 'உன் பேச்சு போதாது.' ஈராண்டு இரவுப் பள்ளியில் சேர்த்த துணிவு ஒரு நொடியில் கரைகிறது. சிறுபிள்ளை தவறாகப் பேசினால் மழலை என்று மகிழ்கிறோம். அலுவலகத்தில் மதிப்போடு வாழும் ஐம்பது வயதினர் அப்படிப் பேசினால், பிறர் நகைப்பரோ என்று அவரே அஞ்சுகிறார். வளர்ந்தோர் மீண்டும் மழலையாகச் சம்மதிப்பது எளிய தாழ்மையன்று.

பேச்சுத் துணையும் திறந்த செவியும்

இத்தடையை உணர்ந்த பாஸ்க் மக்கள் இரு வழிகளைக் கண்டனர். ஒன்று, 'மின்ட்சலகுன்' என்னும் பேச்சுத் துணை. நன்கு பேசத் தெரிந்த ஒருவர், கற்போர் ஒருவரோடும் சிலரோடும் சேர்ந்து வாரந்தோறும் ஒரு மணி நேரம் அளவில் சந்திக்கிறார். பாடமில்லை; தேர்வில்லை. காப்பி அருந்துகிறார்கள், நடக்கிறார்கள், பிள்ளைகளைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசுகிறார்கள். அந்த நட்பு தொடக்கத்திலிருந்தே எவுஸ்கராவில் பிறப்பதால், மொழியை மாற்றும் கூச்சமே அங்கு எழுவதில்லை.

மற்றொன்று 2018-இல் தொடங்கிய 'எவுஸ்கரால்தியா' என்னும் பொது இயக்கம். அவ்வாண்டு நவம்பர் 23 முதல் டிசம்பர் 3 வரை 11 நாள்கள், 16 வயது நிரம்பிய சுமார் 2,25,000 பேர் தம் அன்றாடப் பேச்சை மாற்றிக்கொள்ள உறுதி பூண்டனர். ஒவ்வொருவரும் மார்பில் ஒரு வில்லை அணிந்தனர். அவ்வில்லைகள் இருவகை. ஒன்றில் 'உயிருள்ள வாய்' என்னும் பொருள்படும் சொல். அதை அணிந்தவர் அறியாதவரிடமும் முதற்சொல்லை எவுஸ்கராவில் தொடங்குவார். தம் பேச்சு புரியும் எவரிடமும், அவர் எம்மொழியில் விடையளித்தாலும், எவுஸ்கராவிலேயே தொடர்வார். மற்றொன்றில் 'ஆயத்தமான செவி' என்னும் பொருள்படும் சொல். அதை அணிந்தவர், 'எனக்கு முழுமையாகப் பேச வராமல் போகலாம். ஆனால் எனக்குப் புரியும். என்னிடம் எவுஸ்கராவிலேயே பேசுங்கள்' என்று கேட்டுக்கொள்பவர்.

இரண்டாம் வில்லையிலேயே இவ்வியக்கத்தின் ஞானம் அடங்கியுள்ளது என்பது நம் எண்ணம். பேசத் தெரிந்தோர் மட்டுமே மொழியைக் காப்போர் என்று அதுவரை எண்ணியிருந்தனர். கேட்கத் தெரிந்தவரும் காவலரே என்று இவ்வில்லை அறிவித்தது. தடுமாறிக் கற்பவருக்கு மரியாதையான இடம் கிடைத்தது. அவருக்காக மொழியை மாற்ற வேண்டிய கடமையிலிருந்து நல்லோர் விடுபட்டனர். வற்புறுத்தல் இல்லை, புரியாதவரை ஒதுக்கவும் இல்லை. 2020, 2022, 2025 ஆகிய ஆண்டுகளிலும் இவ்வியக்கம் நடைபெற்றது. தெருவழக்கு இன்னும் பெரிதாக உயர்ந்துவிட்டதாகச் சொல்ல இயலாது. பழக்கங்கள் பதினோரு நாளில் மாறுவன அல்ல. ஆயினும் மருந்து இடவேண்டிய புண் எதுவெனக் கண்டறிந்துவிட்டார்கள்.

முதல் இயக்கம் டிசம்பர் 3-இல் நிறைவுற்றது தற்செயலன்று. 1949 முதல் அந்நாளே எவுஸ்கரா மொழியின் நாளாகப் போற்றப்பட்டு வருகிறது. அது சவேரியாரின் திருநாள். கோட்டாற்றில் நம் மக்கள் அவர் விழாவைத் தமிழில் சிறப்பிக்கும் அதே நாளில், அவருடைய நாட்டில் அவரது தாய்மொழியைக் கொண்டாடுகிறார்கள்.

நாம் செய்யத்தக்கது

நற்செய்தியாளர் மாற்கு, காதுகேளாதவரும் திக்கிப் பேசுபவருமான ஒருவரை ஆண்டவர் நலமாக்கியதை எழுதும்போது ஓர் ஒழுங்கைக் காட்டுகிறார். முதலில் செவிகள் திறக்கின்றன; பின்னரே நாவின் கட்டு அவிழ்கிறது. பெந்தக்கோஸ்து நாளிலும் திருத்தூதர்கள் பேசியதோடு நிகழ்ச்சி முடிந்துவிடவில்லை. வந்திருந்தோர் ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் கேட்டதையே லூக்கா மீண்டும் மீண்டும் வியந்து கூறுகிறார். தூய ஆவியாரின் கொடை நாவுக்கு மட்டுமன்று, செவிக்கும் உரியது.

நம் பங்குகளிலும் தமிழைப் பிந்திக் கற்போர் இருக்கின்றனர். வேற்று மாநிலத்திலிருந்து வந்து பணிபுரியும் அருட்சகோதரியர், வேலை தேடி வந்த வடநாட்டுத் தொழிலாளர், அயல்நாட்டில் வளர்ந்து விடுமுறைக்கு வரும் நம் பேரப்பிள்ளைகள் ஆகியோர் வேற்றுமை உருபை விழுங்கி, ழகரத்தில் இடறி, ஒரு வாக்கியத்தைத் தொடங்குகிறார்கள். நாமும் பாஸ்க் நாட்டு நல்லவரைப்போலவே இரக்கப்பட்டு ஆங்கிலத்திலோ இந்தியிலோ விடையளித்துவிடுகிறோம். அவர்கள் தொடங்கிய வாக்கியம் முடியும்வரை காத்திருந்து, தமிழிலேயே மெல்ல மறுமொழி சொல்லுவோம். தவறினால் இடையே திருத்தாமல், சரியான சொல்லை நம் விடையில் வைத்துத் தருவோம்.

நம்மிடையே தமிழல்லாத மொழியை வீட்டில் பேசும் சிறுபான்மையோரும் உண்டு. அவர்களைக் காணும்போது வணக்கத்தையேனும் அவர்கள் மொழியில் கேட்டுக் கற்றுச் சொல்லுவோம். அது பிழையாக வரலாம்; சவேரியாரின் தமிழும் பிழையற்றதன்று. ஆயினும் அவர் மணி ஒலித்த போதெல்லாம் மக்கள் கூடி வந்து, அப்பிழைத் தமிழைப் பொறுமையோடு கேட்டனர். அக்கரையோர மக்களின் செவிப் பொறுமைக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். வரும் டிசம்பர் 3 அன்று அவரோடு அவர்களையும் நினைவுகூர்வோமாக.